நாகமுத்து அண்ணையின் சனிக்கிழமைகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எனக்குத் தெரிந்த ஒரு செய்தியை, பகல் ஒன்றரை மணிவரை நான் நாகமுத்து அண்ணையிடம் சொல்லவில்லை. அவருடைய மனைவி சந்திராக்கா கெல்சென்கிர்ச்சன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த நேரம் அது. அண்ணை போய் உயிரோடு அவ முகத்தைப் பார்ப்பாரா இல்லையா என்பது என் வாயில் இருந்தது. ஜெர்மனியின் வின்டர்பெர்க் பனிமலை முழுக்க வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் நான். அன்று பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

நான் அம்பிகா. மலையடிச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் பத்தொன்பது வருடமாக உருளைக்கிழங்கு பொரிக்கிறேன். கடைக்கு முன்னால், கம்பியில் தொங்கியபடி ஆறு ஆறு பேராக மலைமேலே ஏற்றும் நாற்காலி லிஃப்ட். அதன் அடிவாரத்தில் சிவப்பு மேலாடையோடு நின்று, வரும் நாற்காலியைப் பிடித்து, பனிச்சறுக்குக்காரரை இருத்தி அனுப்புகிறவர்தான் நாகமுத்து அண்ணை. இருபத்தாறு வருடம் அந்த ஒரே இடத்தில் நின்றார். மேலே போய் வழுக்கி இறங்கும் ஆசை ஒருநாளும் அவருக்கு வந்ததில்லை. சறுக்குப் பலகையைக் காலில் மாட்டியதே இல்லை. "ஏறினவன்தானே இறங்கோணும், நான் ஏனப்பா?" என்பார்.

எண்பத்தொன்பதில் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து வந்தவர். அகதி முகாமென்று இவரை இந்த மலைக்காட்டில் கொண்டுவந்து போட்டார்கள். மற்றப் பெடியள் எல்லாம் விசா கிடைத்த மறுநாளே தமிழ்ச்சனம் இருக்கிற ஊர் தேடி ஓடினார்கள். இவர் முதல் வேலையாகக் கோப்பை கழுவிய இடத்திலேயே நின்றுவிட்டார். "நல்ல தண்ணி, நல்ல காத்து, ஒருத்தரும் ஊர்க்கதை விடுப்புக் கேக்காயினம்" என்பது அவர் சொல்லும் காரணம். கலியாணம் கட்டி, சந்திராக்கா வந்து, மகள் தேனுஜாவுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் கோயிலும் வேண்டுமென்று கெல்சென்கிர்ச்சனில் வீடு எடுத்தபோதும், மனிசியும் மகளும் கீழே போனார்கள், அவர் மேலே நின்றார். ஞாயிறு பின்னேரம் வெளிக்கிட்டு வீட்டுக்குப் போவார், செவ்வாய் பின்னேரம் திரும்பி வருவார். குளிர்காலம் பனிக்காரர், கோடைகாலம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறும் பைத்தியக்காரர். லிஃப்ட் சனி ஞாயிறில் நிற்பதே இல்லை.

இதில்தான் வினை. ஜெர்மனியில் எங்கள் சனத்தின் நல்லது கெட்டது எல்லாம் சனி ஞாயிறில்தானே. கலியாணம் சனி, பிறந்தநாள் சனி, சாமத்தியவீடு சனி, கோயில் தேர் ஞாயிறு. சந்திராக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தனியே போவா, மண்டபத்தில் மேசையில் தனியே இருப்பா. "எங்கை அவர்?" என்று கேட்பார்கள். "பனி விழுந்திட்டுது" என்பா. ஆவணி மாதத்திலும் அதையே சொல்லுவா, அது அவவின் பகிடி. சனம் சிரிக்கும். நானும் ஒரு கலியாணத்தில் பக்கத்தில் இருந்து சிரித்திருக்கிறேன். பிறகு அவ கைகழுவப் போனவ, வெகுநேரம் வரவில்லை.

தேனுஜா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீடு மாசிமாதச் சனிக்கிழமை. மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்தது. அதற்கு முதல்நாள் அரை மீற்றர் பனி கொட்டியது. அண்ணை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம் ஆறு மணி, ஆலாத்தி எல்லாம் முடிந்துவிட்டது. அல்பத்தில் கடைசிப் படத்தில் மட்டும் நிற்கிறார். அன்று சந்திராக்கா பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன். நியாயமான பேச்சு.

ஆனால் மனிசன் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். அவர் கையால் இருத்திய பிள்ளை ஒன்றும் இதுவரை நாற்காலியிலிருந்து விழுந்ததில்லை. வரிசையில் வரும் குழந்தையின் முகத்தைப் பார்த்தே இது பயந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, லிஃப்டை மெதுவாக்கி, "ஹொப்!" என்று தூக்கி வைப்பார். போன வருடம் ஏறிய பிள்ளை இந்த வருடம் ஓடிவந்து கையடிக்கும். தாய் தகப்பன் இவருக்கு நத்தார்ப் பண்டிகைக்குச் சொக்கிலேற் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊரான் வீட்டுப் பிள்ளையெல்லாம் இவர் கையில் வளர்ந்தது, தன் பிள்ளை மண்டபத்தில் வளர்ந்தது.

மூன்று குளிர்காலம் சரியான பனி இல்லை. இயந்திரத்தால் அடித்த பனிதான், சர்க்கரைக்கட்டி போலக் கிடக்கும். இந்தத் தை மாதம் மூன்றாம் கிழமை, வியாழனும் வெள்ளியும் விடாமல் கொட்டியது. வறுத்த அரிசிமா மாதிரி, கையில் பிடித்தால் உருண்டையாகாத பனி. வெள்ளைக்காரருக்கு அந்தப் பனி என்றால் விசர். சனி காலமை எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடம் நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் ஒல்லாந்துக்காரர். ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டியிருந்து எங்களை ஆண்டவர்களின் பேரப்பிள்ளைகள், என்னிடம் பொரித்த உருளைக்கிழங்குக்கு அரைமணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். வேறு நாளென்றால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

சந்திராக்கா புதன்கிழமைதான் மூச்சிழுக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனா. இதயம் கொஞ்சக்காலமாகவே பலவீனம். வியாழன் அண்ணை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "முகம் தெளிஞ்சிருக்கு. போங்கோ, பனி விழுது, சனம் வரப்போகுது எண்டு அவளே கலைச்சுவிட்டவள்" என்று என்னிடம் சொன்னார். லீவு கேட்கச் சொன்னேன். "சனிக்கிழமையிலையோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சனி, பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம். என் போன் அடித்தது. தேனுஜா.

"அன்ரி, அம்மாவுக்குச் சரியான கடுமை. இண்டைக்குத் தாண்டுறது கஷ்டமாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அப்பாக்கு நேரை சொல்லப் பயமாக் கிடக்கு. அவருக்குப் பிறஷரெல்லே. நீங்கள் மெல்லமாச் சொல்லி, ஆரையும் கூடவிட்டு அனுப்பிவிடுங்கோ. அம்மா இப்ப நல்ல நினைவோடை இருக்கிறா. கெதியா, அன்ரி."

"நீ அழாதை பிள்ளை. நான் இப்பவே அனுப்பிறன்" என்றேன்.

இப்பவே என்றுதான் சொன்னேன். ஏப்ரனைக் கழற்றிக் கதவுவரை போனேன். கண்ணாடியூடாக அண்ணை தெரிந்தார், முன்னால் சனக்கடல். விடிய ஐந்தரை மணிக்கு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் பனி தள்ளத் தொடங்கிய மனிசன். பிறஷர் குளிசையை அவர் சாப்பாட்டோடுதான் போடுவார். இதைக் கேட்டால் இந்த மனிசன் இனி எப்போது வாயில் ஒரு பிடி வைக்கும்? செத்தவீடானால் வீட்டில் அடுப்பெரியாது. வெறும் வயிற்றோடு இரண்டு மணித்தியாலம் கார் ஓட வேண்டும். கெட்ட செய்தியைப் பசியோடு இருக்கிறவனுக்குச் சொல்லாதே, முதலில் சாப்பிட வை, பிறகு சொல் என்றுதான் என்னை வளர்த்தார்கள். என் தகப்பன் ஷெல்லடியில் செத்த செய்தியையும் என் மாமி எனக்குப் புட்டுத் தீத்திவிட்டுத்தான் சொன்னா. எனக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது, இன்றைக்கும் அன்பென்றுதான் நினைக்கிறேன். அதனால் கதவைத் திறக்காமல் திரும்பினேன்.

அண்ணைக்குச் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணிக்கு. ஒரு பெடியனை விட்டு "கொஞ்சம் நேரத்தோடை வரச்சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். சனம் விடவில்லை என்று பதில் வந்தது. நானே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முன்னாலும் நூற்றைம்பது பேர் நின்றார்கள், எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பதினொன்று பன்னிரண்டானதும், பன்னிரண்டு ஒன்றானதும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் இனி என்ன, சாப்பிடத்தானே வரப்போகிறார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒரு மணி தாண்டி வந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறு, பருப்பு, முட்டைப்பொரியல் போட்டுக் கொடுத்தேன். குளிரில் விறைத்த விரலைச் சோற்றின் சூட்டில் வைத்து, "ஆகா" என்றார். "இண்டைக்கு ஒருத்தன் ஏறினான் பிள்ளை, நாலு வயசிருக்கும். தேப்பன் பயத்திலை நடுங்குறார், இவன் தேப்பன்ரை கையைப் பிடிச்சு, பயப்பிடாதை எண்டுறான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன். பாவி நான், இரண்டாம் தரமும் போட்டேன். குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, சந்திராக்காவுக்குக் கொஞ்சம் ஏலாதாம். தேனுஜா வரட்டாம் எண்டவள்."

பாம்பின் கால் பாம்புக்குத் தெரியாதா? எங்கள் ஆட்களின் 'கொஞ்சம் ஏலாது' என்றால் எவ்வளவு ஏலாது என்று அவருக்கும் தெரியும். அவரே எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லியிருப்பார். வெறும் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்ப எடுத்தவள்?"

"இப்பதான் அண்ணை."

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கேட்ட வேகத்தில் வந்துவிட்டது.

அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். முதலாளி கதவடியில் மறித்து, இந்த நேரத்திலா என்று சத்தம் போட்டார். "உம்முடைய உருளைக்கிழங்கை நீரே பொரியும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். மணி இரண்டுக்குப் பத்து நிமிடம்.

மலையிலிருந்து இறங்கும் வீதியில் ஒரு கிலோமீற்றர் கூடப் போகவில்லை. ஏறிவந்த பஸ் ஒன்று வழுக்கி வீதிக்குக் குறுக்கே நின்றது. மேலே வருகிற கார்கள் ஒரு பக்கம், ஓரத்தில் கண்டபடி விட்ட கார்கள் மறுபக்கம், நடுவில் நாங்கள். கட்டி இழுக்கும் வாகனமும் வந்து சேர முடியாமல் பின்னால் எங்கோ நின்றது. இந்த பஸ் எப்போது வழுக்கியது என்று பக்கத்துக் காரில் கேட்டேன். ஒன்றேகாலுக்காம். பதினொரு மணிக்கு இந்த வீதி இறங்குகிற பக்கம் வெறுமையாகக் கிடந்திருக்கும்.

அண்ணை ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் மேலாடையைக் கழற்ற மறந்து வந்துவிட்டார். அதுதான் வினையாகப் போனது. அந்தச் சிவப்பைக் கண்டவுடன், காரை விட்டிறங்கி நின்ற சனம் ஒவ்வொன்றாக வந்து கண்ணாடியில் தட்டியது. மேலே கார் விட இடம் இருக்கிறதா? லிஃப்ட் எத்தனை மணிவரை? பனியில் சறுக்கும் வண்டில் வாடகைக்கு எடுக்கலாமா? இந்த மனிசன் ஒவ்வொரு தரமும் கண்ணாடியை இறக்கி, வணக்கம் சொல்லி, மரியாதையாகப் பதில் சொல்லி, கண்ணாடியை ஏற்றினார். நாலு பேருக்கு இப்படிச் சொன்னார்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு என் போன் அடித்தது. காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். தேனுஜா ஒரு சொல்தான் சொன்னாள், மிச்சம் அழுகை.

"ஓம் பிள்ளை. ஓம். வாறம். வந்துகொண்டிருக்கிறம்" என்றேன்.

கார் ஓடப்போகிறவனிடம் சாவு சொல்லக் கூடாது. மறுபடியும் வாயை மூடினேன். அண்ணை என்ன என்று கேட்கவில்லை. கேட்கவே இல்லை. அப்போது பார்த்து இன்னொருவன் வந்து கண்ணாடியில் தட்டினான். அண்ணை கண்ணாடியை இறக்கினார். சேர்ச்சுக்குப் பின்னால் நாலாம் நிறுத்துமிடத்தில் ஒருவேளை இடம் இருக்கும் என்று அவனுக்குச் சொன்னார். இந்தத் தரம் கண்ணாடியை ஏற்றவில்லை.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "போங்கோடா! எல்லாரும் வீட்டை போங்கோடா! உங்கடை பனியும் நீங்களும்!" என்று தமிழில் கத்தினேன். அந்த மனிசன் ஒன்றும் விளங்காமல் பின்னால் போய்ப் பனியில் குந்திவிட்டான்.

"ஏறு பிள்ளை" என்றார் அண்ணை. "அதுகளுக்கு என்ன தெரியும்?"

மூன்றரைக்கு வீதி திறந்தது. பெருந்தெரு வந்தபிறகும் அவர் எண்பதுக்கு மேல் போகவில்லை. லொறிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. அவசரம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரி அறையில் சந்திராக்காவைக் கை கோத்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் தேனுஜா. தகப்பனைக் கண்டதும் எழுந்து வந்து நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஏனப்பா இவ்வளவு நேரம்? பதினொரு மணிக்கே வெளிக்கிட்டிட்டீங்கள் எண்டெல்லோ நினைச்சன்! கார் ஓடுறியள் எண்டு போனும் எடுக்கேல்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தவ, அப்பா எவடத்திலை வாறார் எண்டு. மெஷெடே தாண்டிட்டார் எண்டன். பிறகு உன்னா எண்டன். கதவையே பாத்துக்கொண்டு கிடந்தவ. டோர்ட்முண்ட் வந்திட்டார், இன்னும் கொஞ்ச நேரந்தான் அம்மா எண்டன். பிறகு எனக்குச் சொல்ல ஊர் இல்லாமப் போச்சு அப்பா."

பதினொரு மணி. அண்ணை தலையைத் திருப்பி என்னை ஒருதரம் பார்த்தார். ஒரே ஒரு தரம். பிறகு மகளின் தலையைத் தடவி, "ரோட்டிலை சனம், பிள்ளை. பஸ் ஒண்டு குறுக்கை நிண்டிட்டுது" என்றார்.

காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இடத்தில் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நான் நிம்மதியாகப் போயிருப்பேன்.

எரிப்பதற்குப் புதன்கிழமைதான் நாள் கிடைத்தது. சனி என்றால் எல்லோரும் வந்திருப்பார்கள் என்று சனம் சொல்லிக்கொண்டது. வேலைநாள், லீவு இல்லை, நாற்பது பேர்தான் வந்தார்கள். அண்ணை மூன்று தரம் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார். அழவில்லை. அழுதது நான்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையை யாரிடம் போய்ச் சொல்ல?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடித்துவிட்டு, மாசிக் கடைசியில் அண்ணை வேலைக்கு வந்தார். பனி உருகத் தொடங்கியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலமை, கடையில் ஒருவரும் இல்லை. உள்ளே வந்து கோப்பி எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தார். இனி அடக்க ஏலாதென்று நான் தொடங்கினேன்.

"அண்ணை, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். தேனுஜா எனக்குப் பதினொரு மணிக்கே—"

"தெரியும்."

"நீங்கள் சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டுதான் அண்ணை நான்... குளிசையும் போடோணுமெல்லே... நான் பாவி அண்ணை. அவ கதவைப் பாத்துக்கொண்டு கிடக்கேக்கை நான் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு நிண்டனான்."

"அழாதை பிள்ளை. உன்ரை இடத்திலை நான் நிண்டாலும் அதைத்தான் செய்திருப்பன்."

அப்படிச் சொல்லிவிட்டு வெகுநேரம் கோப்பியைக் கலக்கினார். அவர் சீனி போடுவதில்லை. பிறகு போனை எடுத்து, எதையோ தேடி, மேசையில் எனக்கு முன்னால் வைத்தார். சந்திரா என்று இருந்தது. அந்தச் சனிக்கிழமைத் திகதி. காலமை பத்து மணி இரண்டு நிமிடம்.

"சனி ஞாயிறிலை வேலை நேரத்திலை அவள் ஒருநாளும் எனக்கு எடுக்கிறேல்லை. இருபத்தாறு வருசத்திலை ஒருநாளும் இல்லை. அண்டைக்கு எடுத்தவள். சட்டைப்பைக்குள்ளை கிடந்து அடிக்குது. எடுத்துப் பாத்தன், அவளின்ரை பேர். முன்னுக்குச் சனம் நெரியுது. ஒரு சின்னப் பெட்டை நாற்காலிக்குக் கையை நீட்டிக்கொண்டு நிக்குது. கொஞ்சம் சனம் குறையட்டும், பிறகு எடுப்பம் எண்டு கட் பண்ணிப்போட்டன். பிறகு மறந்துபோனன் பிள்ளை. உன்னட்டை இருந்து சிரிச்சுக்கொண்டு சோறு திண்டனான்."

"தேனுஜா அந்த நேரம் அறையிலை இல்லையாம், கீழை கோப்பி வாங்கப் போனவளாம்" என்றார். "உன்னை ஒண்டு கேக்கோணும் எண்டுதான் வந்தனான். சந்திரா உன்னோடை நல்ல வாரப்பாடு, மனம்விட்டுக் கதைக்கிறவளெல்லே. அண்டைக்கு உனக்கும் எடுத்தவளோ? என்ன சொல்லுறதுக்கு எனக்கு எடுத்தவள் எண்டு உனக்கு ஏதும் தெரியுமோ?"

முகத்தை நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நல்ல பொய்யாக ஒன்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது வரவில்லை.

"இல்லை அண்ணை. எனக்கு எடுக்கேல்லை."

"ஓம்" என்று தலையாட்டினார். "அப்ப ஒருத்தருக்கும் தெரியாது."